கணிப்பொறியிற் குறியீடுகள் ஏறிய வரலாறு

எழுத்தென்பது ஒலிக்கு வடிவாவது. குறியென்பது ஒரு சொல்லையேனும் பொருளையேனும் சுருக்கி ஒருவடிவில் நிறுத்துவது. நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளில் இவ்விரண்டையும் விரவியே வழங்கினர். நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று, மேற்படி என்பனவற்றிற்கும், எண்ணிற்கும், கீழ்வாய்ப் பின்னங்கட்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. அவை கணிப்பொறியிற் புகுந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

கணிப்பொறி எழுத்தின் உருவை அறியாது. அதற்குரிய எண்ணையே அறியும். தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போன எண்ணைக் குறிகட்கு வழங்கிற்று. ஆதலின் ஓரெழுத்துருவில் அமைத்த நூலை மற்றொன்றிற் காணுங்கால், பிரணவம் நின்றவிடத்துப் பொருந்தா வடிவொன்று தோன்றும். இவ்விடர் களையவெழுந்த பொதுக்குறியேடே யூனிக்கோடு என்பது. அதன் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

தமிழெண்களுள் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ளனவும், பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றின் குறிகளும் அதன் தொடக்கப் பதிப்புக்களிலேயே இடம்பெற்றன. 2003-இல் ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺ என்னும் எட்டுக் குறிகள் ஏறின. 2005-இல் சுழியெண் சேர்ந்தது. பிரணவ வடிவாகிய ௐ 2008-இலேதான் சேர்ந்தது. 2019-இல் முந்திரி முதலிய பின்னங்களும், நெல்லளவைக் குறிகளும், நூன்முடிவைக் காட்டும் குறியும் உட்பட ஐம்பத்தொரு குறிகள் தனித்தொகுதியாக வந்தன.

அற்றேல், அச்சில் உருவொன்றாயின் எண் எதுவாயினென்னை எனின், கூறுதும். ககர எழுத்தும் ஒன்றென்னும் எண்ணும் உருவால் ஒத்தன; கணிப்பொறிக்கோ க என்பது 2965, ௧ என்பது 3047. பாட்டெண்ணைக் ககரத்தால் தட்டெழுதிய பதிப்பில், எண்ணைத் தேடுவார்க்கு அது அகப்படாது. ஔவையார் பெயரை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்தெழுதினும் இதுவே நேரும்; கண்ணுக்கு வேறுபாடு தோன்றாமையின் பிழையும் நெடுநாள் ஒளிந்துகிடக்கும். அறுபத்து மூன்றனைப் பழமுறையில் ௬௰௩ எனவும், இடமதிப்பு முறையில் ௬௩ எனவும் எழுதலாமாகலின், பதிப்பாசிரியர் சுவடியில் உள்ளதனையே பேணுதல் வேண்டும்.

இனி, இவற்றை உள்ளிடும் நெறி. தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை, உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று ஆகிய முப்பத்தொன்றனையே அடிப்படையாகக் கொண்டது. அருகி வழங்குங் குறிகளைக் கணிப்பொறியிலுள்ள எழுத்து வரைபடத்தினின்றும் எடுத்துப் பெய்தல் எளிது. சில செயலிகளில் ஆல்ட் விசையை அழுத்தியவாறே வலப்புற எண்விசைகளில் 3024 எனத் தட்டின் ௐ தோன்றும். குறிக்குப் பதிலாக வெற்றுக் கட்டம் தோன்றின், எழுத்துருவில் அவ்வடிவின்மையே காரணம். அதற்கஞ்சிக் குறியை மாற்றுதல் கூடாது, எழுத்துருவையே மாற்றுக.

ஏடெழுதுவோர் பிழையை ஏடு பார்த்துத் திருத்தினோம். எண்ணிற் புகும் பிழையோ கண்ணாற் காணப்படாதது. ஆகலின் நூல்களைக் கணிப்பொறியிற் பெய்யும் அன்பர்கள், குறியின் உருவோடு அதன் எண்ணையும் ஒப்புநோக்குவாராக. அங்ஙனஞ் செய்யின், பின்வருவார் தேடுங்கால் நூல் தன்னைத் தானே காட்டி நிற்கும்.