லிடார் கருவியின் எடைக்குறைப்பு: வளிமண்டல நுண்துகள் ஆய்வில் ஓர் அளவீட்டு மாற்றம்

முன்னுரை

லேசர் துடிப்பை வானில் செலுத்தி, நுண்துகள்களால் சிதறித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவி லிடார் எனப்படும். ஒளி சென்று திரும்பும் நேரம் துகள்களின் உயரத்தையும், திரும்பும் ஒளியின் அளவு அவற்றின் செறிவையும் உணர்த்தும். இக்கருவி எளிதில் நிறுவத்தக்க அளவிற்குச் சிறிதானதற்கு உறுப்புகளின் சுருக்கம் மட்டும் காரணமன்று. அளக்கும் முறையே மாறியது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

வலிய துடிப்புகளின் காலம்

1960இல் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் அவ்வகை லேசரைக் கொண்டு மேல்வளிமண்டலச் சிதறலைப் பதிவு செய்தனர். மறு ஆண்டில் ஃபியோக்கோவும் கிராம்ஸும் ஏறத்தாழ 20 கி.மீ. உயரத்திலுள்ள நுண்துகள் படலத்தை ஆராய்ந்தனர். இம்மரபில் வந்த கருவிகள் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த ஆற்றலைச் செலுத்தின. அதற்குப் பெரிய மின்வழங்கியும் குளிரூட்டும் அமைப்பும் தேவைப்பட்டன. ஒளிக்கற்றை கண்ணுக்குத் தீங்கானது என்பதால் ஆளின்றி அவற்றை இயக்க இயலவில்லை. எனவே, தரவுகள் சிற்சில நாள்களுக்கு உரியனவாகவே நின்றன.

எண்ணும் முறை

1993இல் நாசாவின் காடர்டு மையத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஸ்பின்ஹிர்ன் நுண்துடிப்பு லிடாரை விளக்கினார். இதில் ஒரு துடிப்பின் ஆற்றல் சில மைக்ரோ ஜூல்களே. ஆனால், நொடிக்கு 2500 துடிப்புகள் செல்லும். ஒரு நிமிடத்தில் 1,50,000 துடிப்புகளின் ஒளியன்கள் ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்க்கப்படும். சேரும் குறிப்பு துடிப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர, இரைச்சல் அதன் வர்க்கமூல அளவிலேயே வளர்கிறது. இதனால் டையோடு ஒளியால் இயங்கும் சிறிய லேசரே போதுமானதாயிற்று. ஒரே தொலைநோக்கி வழியே கற்றை விரிந்து செல்வதால் கண்ணுக்கும் தீங்கில்லை.

எடைக்குறைப்பின் விலை

வலுவற்ற குறிப்பைப் பகலொளியிலிருந்து பிரிக்கப் பார்வைப்புலம் மிகக் குறுகலாக்கப்பட்டது. அதன் விளைவாக, தரையை ஒட்டிய சில கிலோமீட்டர்களில் கற்றையும் பார்வைப்புலமும் முழுமையாகப் பொருந்துவதில்லை. மனிதர் சுவாசிக்கும் காற்று அமைந்த அடுக்கிலேயே அளவீடு திருத்தத்தை மிகுதியும் சார்ந்துள்ளது. விரைந்து நகரும் செயற்கைக்கோளிலோ ஒரே காற்றுப்பகுதியின்மீது துடிப்புகளை நெடுநேரம் சேர்க்க இயலாது. 2006இல் ஏவப்பட்ட கலிப்ஸோ நொடிக்கு ஏறத்தாழ 20 வலிய துடிப்புகளையே கையாண்டது.

முடிவுரை

2000இல் தொடங்கிய எம்பிஎல்நெட் வலையமைப்பு, இச்சிறு கருவிகளைப் பல இடங்களில் இரவுபகலாக இயக்கியது. அவற்றின் அருகே அமைந்த சூரிய ஒளிமானிகள் மொத்த ஒளித்தணிப்பை அளித்து, லிடார் தரவைப் பொருள்கொள்ள உதவின. ஆகவே, எடைக்குறைப்பின் வரலாற்றுப் பயனைக் கருவியின் அளவில் அன்றி, தொடர்ச்சியான தரவில் காண்பதே பொருந்தும். அத்தரவைக் கையாளும் ஆய்வாளர், தாழ்வான அடுக்கின் திருத்தம் எவ்வாறு செய்யப்பட்டது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும்.