நம் கிணற்று மோட்டாரும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும்



நமது மேலநீலிதநல்லூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி; கிணறு கைகொடுத்தால்தான் வெள்ளாமை. நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் ஆயில் என்ஜினை விற்றுவிட்டு கரண்ட் மோட்டாருக்குக் கடன் கேட்டு வந்தவர்கள் ஏராளம். அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று அப்போது நாம் யாரும் கேட்டதில்லை.

முதலில் தண்ணீரிலிருந்துதான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944ல் ஓடத் தொடங்கியது. ஆனால் மழை பொய்த்தால் நீர்மின்சாரமும் பொய்க்கும். ஆகவே அரசு நிலக்கரியின் பக்கம் திரும்பியது. 1962ல் சோவியத் உதவியுடன் நெய்வேலி, 1970ல் எண்ணூர். தெற்கே நமக்கென்று வந்தது தூத்துக்குடி.

அங்கே ஏன் என்று கேட்பீர்கள். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது, கடல் இருக்கிறது. கரி ஒரிசாவில் வெட்டப்பட்டு, ரயிலில் பாரதீப் போய், கப்பலேறித் தூத்துக்குடி துறைமுகம் வந்து, கன்வேயர் பெல்ட் வழியே உள்ளே போகும். இயந்திரத்தைக் குளிர்விக்கவும் கடல்நீர்தான். கரி ஏற்றி வருவதற்கென்றே தமிழக அரசு 1974ல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. அதன் கப்பல்களுக்கு வைத்திருந்த பெயர்கள் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ்!

முதல் யூனிட் 1979ல் வந்தது. அடுத்தவை 1980லும் 1982லும். மீதி இரண்டும் 1991-92ல். ஒவ்வொன்றும் 210 மெகாவாட், ஆக 1,050. கணக்குப் போடுவது என் பழைய தொழில், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் நாள் முழுக்க ஓடினால் 2 கோடியே 52 லட்சம் யூனிட் மின்சாரம். யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி என்று வைத்தாலும் தினமும் பதினேழாயிரம் டன்னுக்கு மேல் எரிய வேண்டும். அத்தனையும் கடல் தாண்டி வர வேண்டும். சாம்பல் மட்டும் இங்கேயே தங்கிவிடும்.

இதற்கிடையே 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று செலவு ஏறியது. வரவு? வடசென்னையின் மூன்றாவது யூனிட் 1996ல் வந்த பிறகு, 2013ல் மேட்டூரில் 600 மெகாவாட் வரும்வரை, மின்வாரியத்தின் புதிய நிலக்கரி யூனிட் ஒன்றுகூட உற்பத்திக்கு வரவில்லை. பதினேழு ஆண்டு! 2012ல் நாம் பட்ட மின்வெட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு; என் பார்வையில் இதுவே பெரிது. நம்மைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றனவே என்றால், ஆனி ஆடிக் காற்று போனதும் அவை சோர்ந்துவிடும். தை மாதம் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்ச யார் வருவார்?

2015ல் தூத்துக்குடியிலேயே நெய்வேலி நிறுவனமும் மின்வாரியமும் கூட்டாக 500 மெகாவாட்டில் இரண்டு யூனிட் கொண்டுவந்தன. பழைய நிலையத்தின் முதல் மூன்று யூனிட்டுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. 2025 மார்ச்சில் அங்கே தீ விபத்தும் நடந்தது. அடுத்த பெரிய திட்டம் உடன்குடி. 660 மெகாவாட்டில் இரண்டு. பழைய ஐந்தும் சேர்ந்து தருவதைவிட 270 மெகாவாட் அதிகம். கரி அங்கேயும் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.