ஆறாயிரம் முறை பேசிய பேச்சு

வைரம் தேடித் தேசாந்திரம் போய்ச் செத்தவனின் சொந்த நிலத்திலேயே வைரம் புதைந்து கிடந்தது என்ற கதையை வைத்து, ரஸ்ஸல் கான்வெல் என்ற அமெரிக்கப் பாதிரியார் ஒரே சொற்பொழிவை 6,000 முறைக்கு மேல் நிகழ்த்தினார். கேட்டதும் உதட்டைப் பிதுக்கத் தோன்றும். சரக்கு தீர்ந்தவர்தானே சொன்னதையே சொல்வார்? ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடையைப் பார்த்தால், பேச்சு ஒரு பிழைப்பாக நிலைத்ததே இந்தத் திரும்பச் சொல்லலால்தான் என்று தெரிகிறது. நாவன்மை எல்லாக் காலத்திலும் இருந்தது. ஒரு பேச்சை நூறு ஊருக்குக் கொண்டுபோய் விற்கும் வழிதான் புதிது.

அந்த வழியைப் போட்டது ரயில். அதை ஒழுங்குபடுத்தியவர் ஜேம்ஸ் ரெட்பாத். அதுவரை ஒவ்வொரு ஊர்க் குழுவும் தானே கடிதம் எழுதிப் பேச்சாளரை அழைக்கும். அவர் குளிர்காலம் முழுக்கத் தாறுமாறாக அலைவார். ரெட்பாத் 1868இல் பாஸ்டனில் ஒரு முகமையைத் தொடங்கி, தேதிகளையும் ஊர்களையும் ரயில் பாதைக்கு ஏற்பக் கோத்து, கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தரகாக எடுத்துக்கொண்டார். மறு வருடமே மார்க் ட்வைன் அவரிடம் சேர்ந்தார். இரவில் பேச்சு, விடிந்தால் ரயில் என்ற ஓட்டத்தில் ஊருக்கொரு உரை தயாரிக்க நேரம் ஏது? பேச்சு சரக்கானதும் அதற்குத் திருட்டு பயமும் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை சாரத்தை அச்சிட்டுவிட்டால் அடுத்த ஊரில் நகைச்சுவை செல்லாது என்று ட்வைன் எரிச்சல்பட்டார். தன் பதிப்பகம் 1894இல் நொடித்தபோது அவர் கடனை அடைக்கப் புறப்பட்டதும் மேடையை நம்பித்தான். 1895–96இல் ஆஸ்திரேலியா, இந்தியா, தென்னாப்பிரிக்கா வரை போய்ப் பேசினார்.

திரும்பத் திரும்பச் சொன்னால் பேச்சு உயிரற்றுப் போகாதா என்று கேட்கலாம். போகும், சோம்பேறியின் கையில். எமர்சன் மேடையில் சொல்லிச் சொல்லித் திருத்தியவைதான் பிறகு அவருடைய கட்டுரைகளாயின. சார்லஸ் டிக்கன்ஸ் தன் நாவல் பகுதிகளை மேடையில் வாசிக்க வைத்திருந்த பிரதிகளின் ஓரங்களில் குரலுக்கும் கையசைவுக்கும் குறிப்புகள் உண்டு. எழுதியவருக்கே அந்த ஒத்திகை தேவைப்பட்டது. கான்வெலின் முறை இன்னும் சுவாரசியமானது. ஓர் ஊருக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, தபால் அதிகாரி, நாவிதர், விடுதிக்காரர் என்று பலரிடமும் பேச்சுக் கொடுத்து, அந்த ஊரில் எது செழித்தது, எது நழுவிப்போனது என்று அறிந்துகொள்வார். மாலையில் அந்த ஊர்ச் செய்தி பேச்சுக்குள் ஏறியிருக்கும். நம் பட்டிமன்றப் பேச்சாளர்களும் மேடையேறுமுன் அமைப்பாளரிடம் ஊர்ச் சேதி விசாரிப்பது இதற்காகத்தான். கான்வெலின் கருத்தில் எனக்கு உடன்பாடு குறைவு. பணம் சேர்ப்பதைக் கடமையாக்கிய பேச்சு அது. அந்த வருமானத்தை ஏழை மாணவர் படிப்புக்குக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். தொழில் நேர்த்தியில் மட்டும் குறை சொல்ல இடமில்லை.

தொழில்முறைப் பேச்சின் மேல் இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஜோசையா ஹோல்புரூக் 1826இல் மாசசூசெட்ஸின் மில்பரியில் தொடங்கிய 'லைசியம்' ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் சங்கம். தொழில்முறைப் பேச்சாளர் வந்ததும் அவர்கள் சீட்டு வாங்கிய பார்வையாளர்கள் ஆனார்கள். இந்த நஷ்டம் உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளூர்ச் சங்கத்தில் பேசும் உரிமை பெரும்பாலும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்கே இருந்தது. அடிமையாகப் பிறந்த ஃபிரடெரிக் டக்ளஸும், வாக்குரிமை இல்லாத காலத்துப் பெண்ணான அன்னா டிக்கின்சனும் பேசியே வருமானம் ஈட்ட முடிந்தது சீட்டு விற்ற மேடையில்தான். ஊர்ச் சங்கத்துக்காகக் கண்ணீர் விடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேட்பவரைப் பேசவைக்கும் வேலையும் பிறகு கூலித்தொழிலாகவே திரும்பியது. டேல் கார்னகி 1912இல் நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ.வில் பேச்சு வகுப்பு எடுக்கப் போனார். வைத்திருந்த விஷயம் சீக்கிரமே தீர்ந்துவிட, வந்தவர்களையே எழுப்பிப் பேசச் சொன்னார். இன்றைய பயிற்சிப் பட்டறைகளில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மாலைக்கு 2 டாலர் சம்பளம் தரச் சங்கம் தயங்கியதால், வசூலில் பங்கு என்று பேசி ஒப்புக்கொண்டார். சில ஆண்டுகளில் அந்தப் பங்கு சம்பளத்தைப் பல மடங்கு தாண்டிவிட்டது.