காம்போ

சண்டை வீடியோ விளையாட்டுகளில் முதல் அடி பட்டதும், எதிராளி தடுக்கவோ விலகவோ முடியாதபடி அடுத்தடுத்துக் கோத்துத் தொடுக்கும் தாக்குதல் வரிசையே காம்போ. அடி வாங்கிய பாத்திரம் கணநேரம் செயலற்றுப்போகும். அது தெளிவதற்குள் அடுத்த அடி விழவேண்டும். தாமதித்தால் வரிசை அறுந்துவிடும்.

இந்த உத்தியை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகிவந்தபோது, காரை அடித்து நொறுக்கும் போனஸ் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிடகா ஃபுனாமிசு, இரண்டு அடிகளுக்கு நடுவே இன்னோர் அடியைச் செருக முடிவதைக் கவனித்தார். எல்லாருக்கும் எளிதில் வாய்க்காத நுட்பம் என்று கருதி, அதை நீக்காமல் மறைவாகவே விட்டுவைத்தார்கள். ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1993-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, தொடர் அடிகளை எண்ணித் திரையிலேயே காட்டியது.

சாதாரண அடியைச் சிறப்புத் தாக்குதலோடு இணைக்கும் முறைக்குக் கேன்சல் என்று பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் பாத்திரமான ரியூ குனிந்தபடி உதைக்கிறான். உதை பட்டவுடன் ஸ்டிக்கைக் கீழிருந்து முன்னோக்கிச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்தினால், கால் மடங்கித் திரும்பும் அசைவு வெட்டுப்பட்டு ஹடோகன் என்னும் ஆற்றல் உருண்டை பாய்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம்கள் (திரைப் படங்கள்) ஓடும் ஆட்டத்தில் இதற்குக் கிடைப்பது சில ஃபிரேம்கள்தான். 1994-இல் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ, திரையிலுள்ள ஆற்றல் மீட்டர் நிரம்பியபின் ஏவும் சூப்பர் காம்போவைச் சேர்த்தது. 1996-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இஎக்ஸில் ஒரு சூப்பரை வெட்டி இன்னொரு சூப்பரையே தொடுக்கலாம்.

அடிப்பவர் கை இப்படி ஓங்கிக்கொண்டே போனால் அடிபடுபவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார். ஆகவே வரிசை நீள நீளச் சேதம் குறையும் ஏற்பாடு பல ஆட்டங்களில் வந்தது. ரேர் நிறுவனத்தின் கில்லர் இன்ஸ்டிங்க்ட் (1994) இன்னும் துணிந்து, காம்போவை நடுவிலேயே முறிக்கும் வழியைத் தந்தது. இந்த வகை ஆட்டங்களுக்கு உயிர் கொடுத்தவை இத்தகைய எதிர்வழிகளே.

எதிர்வழிகளின் உச்சம் 2004-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஈவோ என்னும் சண்டை விளையாட்டுப் போட்டியில் நிகழ்ந்தது. ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக். ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா இயக்கிய கென் என்ற பாத்திரம், உயிர்க்கோடு ஏறக்குறைய தீர்ந்த நிலையில் இருந்தது. சிறப்புத் தாக்குதலைத் தடுத்து நின்றாலும் சிறு சேதம் பட்டுத் தோற்றுவிடும். எதிராளி ஜஸ்டின் வாங், தன் பாத்திரமான சுன்-லியின் பல உதைகள் கொண்ட சூப்பரை ஏவினார். ஒவ்வோர் உதைக்கும் நேரம் பார்த்து ஸ்டிக்கை முன்தட்டி, 15 அடிகளையும் டைகோ தட்டிவிட்டார்; உடனே தன் காம்போவைக் கோத்துச் சூப்பரில் முடித்து அந்தச் சுற்றை வென்றார். ஆயினும் இறுதிப் போட்டியில் அவர் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார்.