பழைய பத்திரத்தில் பாட்டன் பார்த்த வேலை



உங்கள் வீட்டுப் பரணிலோ மரப்பெட்டியிலோ பழைய பத்திரம் ஒன்று கட்டாயம் இருக்கும். கறையான் அரித்தது போக மிச்சம் இருப்பதை ஒரு நாள் எடுத்து விரித்துப் படித்துப் பாருங்கள். இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று ஆரம்பிக்கும். ஜீவனம் என்ற இடத்தில் பெரும்பாலும் விவசாயம் என்றுதான் எழுதியிருப்பார்கள். சில பத்திரங்களில் மட்டும் நமக்குப் பழக்கம் விட்டுப்போன ஒரு வார்த்தை நிற்கும். நீர்க்கட்டி, அளவுகாரன், தலையாரி என்று ஏதாவது ஒன்று. “இதென்ன தாத்தா வேலை?” என்று பேரப்பிள்ளை கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருப்பதில்லை. பதில் தெரிந்தும் வாயைத் திறக்காத வீடுகளும் உண்டு. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தலையாரி ஊர்க்காவல் பார்த்தவர் என்பது பலருக்கும் தெரியும். அளவுகாரன் களத்துமேட்டில் மரக்கால் பிடித்து நெல் அளந்தவர். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்; “லாபம்” என்று சொல்லித்தான் எண்ண ஆரம்பிப்பார். கன்னியாகுமரிப் பக்கத்து நேயர்கள் வீட்டில் அஞ்சல் ஓட்டக்காரர் ஒருவர் இருந்திருக்கலாம். திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கென்று தனி அஞ்சல் இருந்தது. மணி கட்டிய கோலோடு தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். 1951ல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு சேர்ந்துவிட்டது.

இன்று நான் நின்று பேச நினைப்பது நீர்க்கட்டியைப் பற்றி. செங்கல்பட்டுப் பக்கம் நீர்க்கட்டி, கம்புகட்டி என்பார்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கம் மடைக்குடும்பன், நீர்ப்பாய்ச்சி என்பார்கள். பேர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஏரித் தண்ணீரை ஆயக்கட்டு முழுவதுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் எல்லாம் சேர்த்து சுமார் 39,000 என்று கணக்கு. அத்தனை நீர்நிலைக்கும் பின்னால் இப்படி ஒரு கை இருந்தால்தானே தண்ணீர் வயல் போய்ச் சேரும்!

பழைய மதகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரைக்கு உள்பக்கம் தண்ணீரில் இரண்டு கல்தூண் நிற்கும். நடுவே குறுக்குக் கல். அந்தக் கல்லில் ஒரு துளை. துளை வழியாக ஒரு மரக்கம்பு இறங்கும். அதன் அடியில் உள்ள முளைக்கட்டை, தரைக்கல்லில் இருக்கும் இன்னொரு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். கம்பைத் தூக்கினால் தண்ணீர் அந்தத் துளையில் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் கல்வாய்க்கால் வழியாக வெளியே வரும். எவ்வளவு தூக்கினால் எந்த வாய்க்காலில் எவ்வளவு ஓடும் என்பது நீர்க்கட்டிக்குக் கைப்பழக்கம். வண்டலோ வேரோ அடைத்துக்கொண்டால் மூச்சுப் பிடித்து உள்ளே முங்கிக் கையால்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், ஏரி கடல் மாதிரி அலை அடிக்கும்போது, நடுராத்திரியில் அந்த மதகில் இறங்குவது லேசான காரியம் இல்லை. கரையில் நண்டு வளை பார்ப்பது, கசிவு கண்டால் மண் போட்டு அடைப்பது, கலிங்கலில் தண்ணீர் ஏறினால் ஊரைக் கூப்பிடுவது, எல்லாமே அவர் பொறுப்பு.

மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் இவர் திறமை வெளியே தெரியாது. ஏரி பாதிதான் நிரம்பியது என்று வையுங்கள், அப்போதுதான் தெரியும். கதிர் பால் பிடிக்கிற நேரம். தண்ணீரோ இன்னும் நாலு நனைப்புக்குத்தான் வரும். தலைமடைக்காரர் கொஞ்சம் கூட விடச் சொல்வார். கடைமடைக்காரர் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். அந்த வேளையில் முறை வைத்து, நாழிகைக் கணக்கில் தண்ணீர் விடுவார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிஷம். கடிகாரம் இல்லாத காலத்தில் அடியில் ஊசித்துளை போட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி முழுகினால் ஒரு நாழிகை என்று கொண்டார்கள். முறை முடிந்ததும் வாய்மடையை வெட்டுவதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் மண்வெட்டிதான். நிலத்துக்காரர் தானே போய் மடை வெட்டக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரை இந்த வேலைக்கு வைப்பதும் உண்டு. தன் வயல் என்று ஒன்று இருந்தால் கண் அந்தப் பக்கம் போகும் அல்லவா? அந்தக் காலத்துப் பெரியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்!

கூலி எப்படி? மாசச் சம்பளம் கிடையாது. அறுவடை ஆனதும் களத்திலேயே நெல். பழைய கணக்குகளில் இதற்குச் ‘சுதந்திரம்’ என்று பேர். ‘நீர்க்கட்டி சுதந்திரம்’ என்று ஓலையில் பார்த்துவிட்டு, யாரோ விடுதலை வாங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் வேலை பார்த்தவருக்கு மொத்த விளைச்சலில் உள்ள உரிமைப் பங்குதான் அது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இங்கிலீஷ்காரர் செங்கல்பட்டு வட்டாரத்தில் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். ஊருக்கு ஊர் கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன் என்று யார் யாருக்கு எவ்வளவு தானியம் என்பதும், ஏரிப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கியதும் அந்தக் கணக்கில் வருகின்றன. தானியத்தோடு சில ஊர்களில் மானிய நிலமும் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் நீர்க்கட்டி மானியம், தச்சன் மானியம் என்று வயலுக்குப் பேர் வழங்குகிறதா என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பேரே ஒரு பத்திரம்தான்.

இனி, சில வீடுகளில் ஏன் வாய் திறப்பதில்லை என்ற விஷயம். நீர்க்கட்டி வேலை பார்த்தவர்கள் பெரும்பாலான ஊர்களில் இன்று பட்டியல் வகுப்பில் உள்ள குடும்பத்தார். ஊர் வயல் முழுவதுக்கும் தண்ணீர் பங்கிட்டவருக்கு ஊர்க்கிணற்றில் ஒரு குடம் மொண்டுகொள்ள உரிமை இல்லாமல் இருந்தது. வழக்குத் தீர்த்த அதே மனிதர் களத்தில் பங்கு நெல்லைத் தள்ளி நின்று வாங்கினார். அந்த அவமானம் நினைவில் இருக்கிறபோது, “எங்க பாட்டன் மடை திறந்தவர்” என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பட்டணத்துக்குப் படிக்கப்போன பிள்ளையிடம் அதை மறைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் இல்லை. ‘மடையன்’ என்ற திட்டே மடை திறந்தவரைக் குறித்து வந்தது என்று மேடையில் சிலர் சொல்கிறார்கள். அந்தத் திட்டு மடமை என்ற சொல்லோடு சேர்ந்தது. மதகு மடைக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

வேலை ஏன் மெலிந்தது? ஏரியைப் பார்ப்பது ஊரார் பொறுப்பு என்று உத்திரமேரூர்க் கல்வெட்டில், கி.பி. 919லும் 921லும், ஏரி வாரியம் வைத்துத் தேர்ந்தெடுத்த நாடு இது. பிற்காலத்தில் குடிமராமத்து தளர்ந்து, வெள்ளைக்காரர் 1858ல் சட்டம் போட்டுக் கட்டாய வேலை வாங்கும் நிலைக்கு வந்தது. பெரிய ஏரிகள் பொதுப்பணி இலாகாவுக்குப் போயின. கல் மதகு போய் இரும்பு ஷட்டர் வந்தது. பிறகு கிணறும் கரண்ட் மோட்டாரும் பெருகியதும், சொந்தத் தண்ணீர் உள்ளவர் ஏரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. களத்தில் நெல் கொடுக்கும் கை சுருங்கியது. ஆனாலும் சில ஊர்களில் இன்றும் நீர்க்கட்டி இருக்கிறார்.

தேட நினைப்பவர்களுக்கு இரண்டு யோசனை. பழைய காகிதத்தில் ஆங்கில வருஷம் இல்லாமல் பசலி மட்டும் இருந்தால் 590ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கிய வருஷம். கிரயம், அடமானம் ஆகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நகல் கேட்கலாம். மானிய நிலம் என்றால், 1858ல் ஏற்பட்ட இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உண்டு. எதற்காகக் கொடுத்த மானியம், யார் அனுபவத்தில் இருந்தது என்று அதில் வரும்.

ஆனால் ஒன்று. நிலம் இருந்தவருக்குத்தான் பத்திரம். நிலம் இல்லாத நீர்க்கட்டிக்குப் பட்டா ஏது, அடமானம் ஏது? அவர் பேர் வேறொருவர் எழுதிய களத்துக் கணக்கில், இத்தனை மரக்கால் என்ற ஒரு வரியில் இருந்தால் உண்டு. மற்றதெல்லாம் ஆட்களின் ஞாபகத்தில்தான். அதனால் உங்கள் ஊரில் எழுபது, எண்பது வயதில் பழைய நீர்க்கட்டி வீட்டுப் பெரியவர் இருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரோடு ஏரிக்கரை வரை நடந்து போங்கள். நடு மதகுத் தண்ணீர் எந்த வயலில் முடியும், பஞ்ச வருஷத்தில் முதல் முறை தலைமடைக்கா கடைமடைக்கா, கரையில் எந்த இடம் பலவீனம் என்று கேளுங்கள். அவர் அப்பா பேர், தாத்தா பேரையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, அவருக்கே ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.