பழவேற்காடும் ஆம்ஸ்டர்டாமும்: ஒரு தொலைவின் வரலாறு

சென்னையிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வான்வழித் தொலைவு ஏறக்குறைய 7,900 கிலோமீட்டர். இடைநில்லா விமானம் அதனைப் பத்து மணி நேர அளவில் கடந்துவிடும். சென்னைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த பழவேற்காட்டின் சபை வரலாற்றைக் கற்போர் இக்கணக்கை முதலில் மறந்துவிட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் அத்தொலைவை அளந்தவை காற்றும் பருவமுமே.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். அதற்குச் சற்று முன், 1611இல், ஹென்ட்ரிக் பிரவுவர் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே இறங்கி, வலிய மேல்காற்றைப் பற்றிக்கொண்டு ஜாவாவை அடையும் விரைவு வழியைக் கண்டிருந்தார். விரைவு வழி என்றாலும் ஹாலந்திலிருந்து பத்தாவியாவுக்குச் சராசரியாக எட்டு மாதங்கள் ஆயின. பல கப்பல்கள் அங்கிருந்தே பருவக்காற்றுக்குக் காத்திருந்து நம் கரைக்கு வந்தன. தாய்ச் சபைக்கு ஒரு வினா எழுதியவர் ஒன்றரை ஆண்டுக்குள் விடையை எதிர்பார்த்தல் இயலாது. கரையோரம் ஆழமின்மையால் கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டன. ஆகவே அந்நெடும் பயணத்தின் இறுதி நாழிகை, அலை முறியும் இடமறிந்து படகு செலுத்திய குப்பத்து மீனவரின் கைகளில் இருந்தது. சபை வரலாறுகள் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இவ்வழியே வந்தவர்களுள் சீர்திருத்தச் சபைக் குருவாகிய ஆபிரகாம் ரோஜேரியுஸ் குறிப்பிடத்தக்கவர். நம் மாணவர் சுவிசேஷ சபையின் கதையை 1706இல், கோபன்ஹேகனிலிருந்து ஏழு மாதங்களுக்கு மேல் பயணஞ்செய்து தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவிடம் தொடங்குவது வழக்கம். ரோஜேரியுஸ் அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே பழவேற்காட்டில் ஏறக்குறைய பத்தாண்டுகள் வாழ்ந்தார். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் போர்த்துகீசிய மொழி வாயிலாக உரையாடி, இந்து சமயத்தாரின் வாழ்வையும் வழிபாட்டையும் கேட்டறிந்தார். பர்த்ருஹரியின் நீதிமொழிகளையும் அவ்வாறே பெற்றார். எளிதில் திரும்பிச் செல்ல இயலாத தொலைவே இப்பொறுமையை அவருக்குத் தந்ததென எண்ணுகிறேன். ஆறு வாரச் சுற்றுப்பயணம் முடித்து நூல் எழுதுவோர் பெருகிய இக்காலத்தில் இது சிந்திக்கத்தக்கது.

எனினும் இத்தொலைவைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1620களிலும், பின்னர் 1659-61 பஞ்சக் காலத்திலும், உண்ண வழியின்றி விற்கப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். பழவேற்காடும் அத்துறைகளுள் ஒன்று. குருவைக் கொணர்ந்த கம்பெனியே அவர்களைக் கொண்டுசென்றது. கோட்டையில் ஆராதனை நடத்திய குருமார் உண்டதும் அக்கம்பெனியின் சம்பளமே. இதனை விடுத்து ரோஜேரியுஸின் கல்வியை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர் பாதி வரலாற்றையே கற்பிக்கிறார்.

அவர் 1642இல் பத்தாவியா சென்று, 1647இல் தாயகம் திரும்பி, 1649இல் கௌடா நகரில் மரித்தார். அவர் நூல் 1651இல் லெய்டனில் அச்சேறியது. பழவேற்காட்டில் கேட்டவை அச்சில் வர ஒன்பது ஆண்டுகள் சென்றன. அடிமைகளாய்ச் சென்றவர்களுக்கோ திரும்பும் பயணமே குறிக்கப்படவில்லை.