உப்பு தின்னவன் மாத்திரை முழுங்கணும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுற ஆளு. வீட்ல அப்பாவுக்கு பி.பி. வந்ததும் "உப்பைக் குறைங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டாங்க. எவ்வளவு, ஏன், யாரு கண்டுபிடிச்சதுன்னு தோண்டினதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். 1945 ஏப்ரல்ல அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில ரத்தக்கசிவு வந்து இறந்தார். அன்னிக்கு அவர் பி.பி. 300/190. உலகத்துலயே பவர்ஃபுல்லான ஆளுக்கே கொடுக்க உருப்படியான மாத்திரை கிடையாது! அந்தக் காலத்துல ஜெர்மனியில இருந்து அமெரிக்கா போன வால்டர் கெம்ப்னர்னு ஒரு டாக்டர், ட்யூக் பல்கலைக்கழகத்துல ஒரு வைத்தியம் பண்ணிட்டு இருந்தார். என்ன தெரியுமா? சோறு! வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது. 1944-ல் முடிவுகளைச் சொன்னார். கைவிடப்பட்ட நோயாளிகள் பலருக்கு பி.பி. இறங்கி, வீங்கின இதயம் கூட சுருங்கியிருந்தது.

"நாமளும் தலைமுறை தலைமுறையா சோறுதானே சாப்பிடறோம், நமக்கு ஏன் பி.பி.?"ன்னு கேப்பீங்க. மேட்டரே அங்கதான். கெம்ப்னர் சாப்பாட்டுல ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் சோடியம் கூட இல்லை. நாம சோத்தோட சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடுன்னு கட்டுறோம். அப்பளத்துல உப்பு மட்டுமில்ல, அப்பளக்காரமும் சோடியம்தான். எஸ்டேட் டீக்கடை போண்டாவுல போடுற சோடா உப்பும் சோடியம்தான். ஆக, சோறு அப்பாவி :-)

சரி, நம்மூர் ஆளுங்க எவ்வளவு உப்பு சாப்பிடறாங்க? அதுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. க்யூர்ஸ்னு பேர், மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தினது. சென்னை மாநகராட்சியோட 155 வார்டுல 46 வார்டை எடுத்து, 26,001 பேரை வச்சு 2001-ல் ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு பகுதி ஆட்களோட சாப்பாட்டைக் கணக்கு போட்டு 2007-ல் வெளியிட்டாங்க. சராசரி ஒரு நாளைக்கு 8.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 5 கிராமுக்குள்ள, அதாவது கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். மிகக் குறைவா உப்பு சாப்பிட்ட கூட்டத்துல 16.6% பேருக்கு பி.பி.; மிக அதிகமா சாப்பிட்டவங்கள்ல 48.4%! (வயசும் வசதியும் கூடக் கூட உப்பும் கூடுச்சுன்னும் அதே ஆய்வு சொல்லுது. அதனால மொத்தப் பழியையும் உப்பு மேலயே போட முடியாது.)

இதுல ஒரு வேடிக்கை. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில சேர்ந்ததே 2011-ல்தான். ஆவடியும் பூந்தமல்லியும் இன்னிக்கும் வெளியேதான். அதனால ஷிஃப்ட்டு, கேன்டீன், ராத்திரி பரோட்டான்னு ஓடுற நம்ம ஏரியா ஆளுங்க அந்தக் கணக்குல வரவே இல்லை.

1930-ல் ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது ஏழைக்கும் உப்பு வரியில்லாம கிடைக்கணும்னு. 84 வருஷம் கழிச்சு, 2014-ல் அதே தமிழ்நாட்டுல அரசே சோடியம் குறைஞ்ச உப்பை வித்தது! தமிழ்நாடு உப்பு நிறுவனத்தோட அம்மா உப்புல அப்போ மூணு வகை இருந்தது. அன்னிக்கு விலை: சாதா அயோடின் உப்பு கிலோ 10 ரூபா, இரும்புச்சத்தும் சேர்த்தது 14, சோடியம் குறைஞ்சது 21. பி.பி. இருக்கிறவன்தான் இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டியிருந்தது. என்ன நியாயமோ!

இந்த மாதிரி உப்பு வேலை செய்யுதா? செய்யுது. சீனாவுல 600 கிராமங்கள்ல கிட்டத்தட்ட 21,000 பேரை வச்சு அஞ்சு வருஷம் பார்த்தாங்க. கால் பங்கு சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் போட்ட உப்பு. 2021-ல் ரிசல்ட்: பக்கவாதம் 14% குறைவு.

உடனே கடைக்கு ஓடாதீங்க. அந்த பொட்டாசியம்தான் சிக்கலும். கிட்னி பழுதானவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பே தாறுமாறாகும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் மாதிரி பி.பி. மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கூட்டும். எங்கப்பா போடறது டெல்மிசார்ட்டான். அதனால கிரியேட்டினின், பொட்டாசியம் டெஸ்ட் எடுத்து டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் எங்க வீட்ல அந்த உப்பு கிடையாது. அதுவரைக்கும் ஊறுகாய் ஜாடி பரண் மேல, அப்பளம் ஞாயித்துக்கிழமை மட்டும், மோர்ல உப்பு கட். மாத்திரையை மட்டும் நிறுத்தறதா இல்லை.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே"ன்னு சொல்லியே வளர்ந்தவங்க. உப்பு குறைச்சும் ருசியா குழம்பு வைக்கிற வழி தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா, அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும்.